எந்த விளக்கை மலையேற்றுவது?

பெரியவர்கள் இருக்கும் வீட்டில் குத்துவிளக்கை "அணை" என்று சொல்லிவிட முடியாது. "விளக்கை மலையேத்து" என்றோ "குளிர வை" என்றோ திருத்துவார்கள். வாயால் ஊதுவதும் கூடாது. ஒரு பூவால் சுடரை மெல்ல ஒற்றுவார்கள், அல்லது திரியை எண்ணெய்க்குள் இழுத்துவிடுவார்கள். சுடர் செத்துப்போவதில்லை, வந்த இடத்துக்குத் திரும்புகிறது என்பது அந்தச் சொல்லுக்குள் இருக்கும் நம்பிக்கை. அருள் வந்து ஆடியவர் தணிந்ததும் "சாமி மலையேறிடுச்சு" என்பதும் இதனால்தான். ஆலங்காயம் என்ற ஊரில் இந்தச் சொல்லுக்குத் தனி அழுத்தம் உண்டு. அங்கே கண்ணெதிரே ஜவ்வாது மலை நிற்கிறது.

விளக்கை இவ்வளவு பக்குவமாகக் குளிரவைக்கும் வீட்டிலேயே, அடுத்த அறையில் கம்ப்யூட்டர் விடிய விடிய ஓடிக்கொண்டிருக்கும். ஷட் டவுன் செய்வதா, அப்படியே விடுவதா? இதை மின்கட்டணக் கேள்வியாக மட்டும் பார்த்தால் பதில் சுலபம். சும்மா இருக்கும்போது 60 வாட் இழுக்கும் மேசைக் கணினி இரவில் எட்டு மணி நேரம் ஓடினால், இரண்டு மாதக் கணக்கில் சுமார் 29 யூனிட் ஆகும். ஸ்லீப்பில் போட்டால் அதே இரவுகளுக்கு ஒரு யூனிட்டே பெரிது.

"அடிக்கடி போட்டு நிறுத்தினால் மெஷின் கெட்டுவிடும்" என்ற பேச்சுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1946-இல் அமெரிக்காவில் வெளியுலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினியில் ஏறக்குறைய 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. சூடேறும்போதும் ஆறும்போதும்தான் அவை அதிகம் பழுதாயின; ஆகவே அதை நிறுத்தாமல் வைத்திருந்தார்கள். இன்றைய கணினியில் அந்தக் குழாய்கள் இல்லை. பேச்சு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

ஆனால் இந்தக் கேள்வி மின்கட்டணத்தோடு முடிவதில்லை. அணையாமல் எரிவதைப் புண்ணியமாகக் கொண்டாடிய நாடு இது. சோழர் காலக் கல்வெட்டுகளில் நந்தாவிளக்குக் கொடைகள் ஏராளம். இரவும் பகலும் எரியும் ஒரு விளக்குக்கு 90 ஆடு, சில கோயில்களில் 96 ஆடு. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர்கள் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடானதும் செத்ததும் கழிய, குட்டிகள் வந்து எண்ணிக்கையை நிரப்பும் என்பதால் அந்த மந்தைக்குச் "சாவா மூவாப் பேராடு" என்று பெயர். விளக்கு ஒன்றுதான்; அதன் பின்னால் ஒரு மந்தை, ஒரு குடும்பம், அளந்து வைத்த பொறுப்பு. ஒளி இலவசமாக வருகிறது என்று அந்தக் கல்லை வெட்டியவர்கள் ஒருபோதும் எண்ணவில்லை.

வடலூரில் 1867 மே 23-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. யாராவது பசியோடு வருவார்கள் என்பதற்காகவே அது எரிகிறது.

கணினியும் அப்படி எரிந்த காலம் உண்டு. 1999 மே மாதம் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் "செட்டி அட் ஹோம்" திட்டத்தைத் தொடங்கியது. உலகெங்கும் லட்சக்கணக்கானோர், தங்கள் கணினி சும்மா இருக்கும் நேரத்தை, ரேடியோ தொலைநோக்கி பதிவுசெய்தவற்றில் வேற்றுலக அறிவின் சுவடு உண்டா என்று தேடுவதற்குக் கொடுத்தார்கள். 2020 மார்ச்சில் புதிய வேலை அனுப்புவது நின்றது. அதுவரை அந்த வீடுகளில் இரவு முழுவதும் சுழன்ற மின்விசிறிச் சத்தத்துக்கு ஒரு பொருள் இருந்தது. அதை நந்தாவிளக்கின் வரிசையில் வைப்பதில் தவறில்லை.

இதற்கு மறுபுறமும் தமிழ்ச் சமயத்திலேயே இருக்கிறது. ஜவ்வாது மலைக்குக் கிழக்கே, போளூர் அருகில் உள்ள திருமலையில், சமணத் தீர்த்தங்கரர் நேமிநாதர் பாறையில் நெடிதுயர்ந்து நிற்கிறார். அந்தப் பக்கத்துச் சமணக் குடும்பங்களில் பொழுது சாய்வதற்குள் உண்டு முடிக்கும் நோன்பு உண்டு. இரவில் விளக்கேற்றிச் சமைத்தால் பூச்சிகள் சுடரில் விழுந்து மடியும்; ஆகவே ஏற்றாதிருப்பதே அறம். சைவர் காத்த சுடரையும் சமணர் ஏற்றாத சுடரையும் எதிரெதிராக நிறுத்திச் சண்டை மூட்டத் தேவையில்லை. இந்த ஒளியால் யாருக்கு என்ன ஆகிறது என்றுதான் இருவரும் கேட்டார்கள்.

இருட்டை நாடிப் போனவர்களும் இங்கே உண்டு. ஆலங்காயத்திலிருந்து மலைமேல் ஏறும் ஜமுனாமரத்தூர் சாலையில் காவலூர் இருக்கிறது. வானியலாளர் வைணு பாப்பு வான்நோக்கு நிலையத்துக்காக இந்த இடத்தைத் தேர்ந்ததில் அதன் இருட்டுக்கும் பங்கு உண்டு. 1968-இல் முதல் தொலைநோக்கி வந்தது, 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி, 1986-இல் பாப்பு பெயரையே தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி. 1977 மார்ச் 10 இரவு யுரேனஸ் கோள் ஒரு விண்மீனுக்குக் குறுக்கே வரவிருந்தது. காவலூரில் காத்திருந்தவர்கள், கோள் மறைப்பதற்கு முன்பே அந்த விண்மீன் சில நொடிகள் மங்கியதைப் பதிவுசெய்தார்கள். முதலில் அதைப் புதிய துணைக்கோள் என்று கருதினார்கள். இந்தியப் பெருங்கடலின் மேல் விமானத்திலிருந்து கவனித்த அமெரிக்கக் குழுவின் பதிவோடு சேர்த்தபோது தெளிவானது: யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு. ஓர் ஒளி கணநேரம் குறைந்ததால் கிடைத்த அறிவு அது.

சைவ சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவம் தம் திருவருட்பயன் நூலில் இருளையும், உயிரை மறைக்கும் ஆணவத்தையும் ஒப்பிடுகிறார். இருள் மற்றப் பொருள்களை மறைத்தாலும் தன்னைக் காட்டும். ஆணவம் தன்னையும் காட்டாது. காவலூர் மலையில் நின்று பார்த்தால் இதோடு இன்னொன்றும் தோன்றும். தேவையற்று எரியும் விளக்கு தன்னைக் காட்டிக்கொண்டு வானத்தை மறைக்கிறது. அடிவார ஊர்களில் வீணாக எரியும் ஒவ்வொரு பல்பும் தூசியிலும் காற்றிலும் சிதறி, தொலைநோக்கிக் கண்ணாடிகளை எட்ட வேண்டிய மங்கலான ஒளியின்மேல் திரை போடுகிறது. கம்ப்யூட்டர் திரையின் வெளிச்சம் மலைவரை போகாதுதான். ஆனால் அதை ஓட்டும் மின்சாரத்தில் ஒரு பங்குக்கு நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிகிறது. அந்த நெருப்பு ஆலங்காயத்து வீட்டிலிருந்து தெரிவதில்லை. தன்னைக் காட்டாத மறைப்பு என்றால் அதுவும்தான்.

ஆகவே இரவெல்லாம் பேக்கப் எடுக்கும் கணினி, பிள்ளையின் ஆய்வுக் கணக்கைப் போடும் கணினி, வெளியூரிலிருக்கும் மகன் நாடும் கோப்புகளை வைத்திருக்கும் கணினி ஓடட்டும். அதற்கு ஆள் இருக்கிறது. யாருக்காகவும் ஓடாததை, படுக்கப் போகுமுன் செய்த வேலையைச் சேமித்துவிட்டு, மலையேற்றிவிடுங்கள். வாசல் விளக்கையும் சேர்த்தே. நிலாவும் மேகமும் இல்லாத இரவென்றால் காவலூரில் அந்நேரம் குவிமாடம் திறந்திருக்கும்.