ஆகுமானவை எல்லாம் எடுக்கத் தக்கவையா?

ஒரு பொருள் மார்க்கத்தில் ஆகுமானது என்பது வேறு. அதை எடுத்தே தீரவேண்டும் என்பது வேறு. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தூரத்தை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அதை எண்ணிப் பார்க்கத் தக்க சான்று ஒன்று நம் வட்டாரத்துக் கடலிலேயே இருக்கிறது.

ஆவுடையார்கோவிலிலிருந்து மீமிசல் சாலையில் செல்வோர், கண்மாய்களையும் வயல்களையும் கடந்து பாக் விரிகுடாவின் கரையை அடைவர். ஆழம் குறைந்த, அலை அடங்கிய அக்கடலின் தரையில் கடற்புல் வளர்கிறது. அப்புல்லை மேய்ந்து வாழும் உயிரை நம் மீனவர் ஆவுளியா என்பர். கடற்பசு என்றும் சொல்வர். அரபு மொழியில் அதன் பெயர் அதூம். அது நீரில் வாழினும் மீனன்று. குட்டி ஈன்று பாலூட்டுவது. மூச்சுவிடச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீர்மட்டத்திற்கு வருவது. வலையில் சிக்கி மேலே வர இயலாவிடில் மூச்சு முட்டி மடிந்துவிடும். ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டியை ஈனும். அடுத்த குட்டிக்கு 3 முதல் 7 ஆண்டுகள்வரை ஆகும். ஆகவே ஒன்றை இழந்தால் அவ்விழப்பு எளிதில் ஈடாவதில்லை.

முற்காலத்தில் இறைச்சிக்காக இதனை வேட்டையாடினர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுத்தது. 2022 செப்டம்பரில் தமிழக அரசு, தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இதுவே முதலாவது.

இங்கே ஒரு கேள்வி எழும். "கடல் இரையை இறைவன் ஆகுமாக்கியிருக்கிறான். ஷாபிஈ மத்ஹபில் சில நீங்கலாகக் கடல்வாழ் உயிர்கள் ஆகுமானவையே. அவ்வாறிருக்க, மனிதர் தடுப்பது முறையா?" என்பர் சிலர்.

அனுமதி கட்டளையாகாது என்பதே இதற்கு விடை. ஆகுமான தரைவேட்டை இஹ்ராமில் விலக்கப்படவில்லையா? மதீனாவின் எல்லைக்குள் மரம் வெட்டுவதையும் வேட்டையாடுவதையும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லையா? பறவையொன்றின் குஞ்சுகளைத் தோழர்கள் எடுத்துவிட, தாய்ப்பறவை தவித்ததைக் கண்டு, அவற்றைத் திருப்பிக் கொடுக்கும்படி பணித்தவர்களும் அவர்களே. குடிகளின் பொதுநலன் கருதி ஆட்சியாளர் ஆகுமானதையும் வரையறுக்கலாம் என்பது சட்ட மேதைகள் கண்ட முடிபு. உயிரினங்களும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று திருமறை போதிக்கிறது. அப்படியாயின், ஒரு சமுதாயமே அற்றுப்போகும்வரை எடுப்பதை உரிமை என்பது எவ்வாறு தகும்? பூமி நம்மிடம் அமானிதம். அமானிதப் பொருளைப் பயன்படுத்தலாம், அழிக்கலாகாது.

எனினும் இத்துடன் நின்றுவிடின் நாம் பாதி நீதியே பேசியவர்களாவோம். நள்ளிரவில் கடலில் ஆவுளியா சிக்கினால், அதைக் காக்க வலையை அறுப்பவர் யார்? கடன்பட்டு வலை வாங்கிய எளிய மீனவரே. நன்மை உலகத்திற்கு, நட்டமோ அவருக்கு. ஆதாயம் எவருக்கோ, அதற்குரிய சுமையும் அவருக்கே என்பது பிக்ஹுச் சட்டத்தின் அடிப்படை விதி. உயிருடன் கடற்பசுவை விடுவித்த மீனவர்க்கு வனத்துறை வெகுமதி வழங்கியதுண்டு, அது நன்று. ஆனால் அறுந்த வலையின் விலை வெகுமதியன்று, அவருக்குரிய கடன்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள், ஹிமா எனும் காப்பு மேய்ச்சல் நிலத்திற்குக் காவலரை அமர்த்தியபோது, சில ஒட்டகங்களும் ஆடுகளுமே உடைய ஏழைகளை உள்ளே விடுமாறும், பெருஞ்செல்வரின் மந்தைகளை விலக்குமாறும் பணித்தார்கள். செல்வருக்கு வேறு வழியுண்டு, ஏழைக்கு இல்லை என்பதே அவர்கள் கண்ட நியாயம். நிலத்தைக் காத்த அதே ஆணை ஏழையையும் காத்தது. இயற்கையைக் காக்க முனையும் எவர்க்கும் இதனினும் சிறந்த இலக்கணம் வேண்டுமோ?

ஆகவே கடலோர ஜமாஅத்துகள் இதைத் தம் பொறுப்பாகக் கொள்ளுதல் நலம். உயிரைக் காக்க வலையிழந்தவரின் இழப்பை ஊர் பகிர்ந்துகொள்ளட்டும். கடலுக்குச் செல்லாத நாமும் மீன் உண்கிறோம். அக்கடலின் அமானிதத்தில் நமக்கும் பங்குண்டு. எடுப்பதற்கு அனுமதி தந்த வல்ல நாயன், விட்டுவைக்கும் பெருந்தன்மையையும் நமக்கு நல்குவானாக! ஆமீன்.