பூட்டிய செல்வமும் பொறுப்பான திறவுகோலும்

மனிதன் பாடுபட்டுத் தேடிய பொருள் அவன் கண்மூடிய மறுகணமே அவனுடையதன்று. முதலில் அது கடன் கொடுத்தோருக்கும், பின்னர் வாரிசுகளுக்கும் உரியதாகி விடுகிறது. இதை நாம் மறுப்பதில்லை, மறந்து விடுகிறோம். முற்காலத்தில் அந்த மறதிக்கு மாற்று இருந்தது. இரும்புப் பெட்டியின் சாவி காணாமற் போனால் கொல்லனை அழைத்துப் பூட்டை உடைத்தார்கள். வங்கிக் கணக்கென்றால் இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் காட்டி, காலம் கடந்தாவது பெற்றார்கள். இன்றோ கொல்லனாலும் உடைக்க முடியாத, நீதிமன்ற ஆணைக்கும் திறக்காத பூட்டு ஒன்று நம் இல்லங்களுக்குள் வந்து விட்டது.

அண்மையில் ஒரு மய்யித்தைக் குளிப்பாட்ட அழைக்கப்பட்டிருந்தோம். தண்ணீர் சூடாகிக் கொண்டிருந்த வேளையில் இறந்தவரின் மூத்த மகன் நம்மருகே வந்து, தயங்கித் தயங்கி, "ஹஜ்ரத், குளிப்பாட்டுவதற்கு முன்னால் அத்தாவுடைய விரலை ஒருமுறை இந்த செல்போனில் வைத்துப் பார்க்கலாமா?" என்று கேட்டார். அவர் பேராசைக்காரர் அல்லர். வாசலில் ஒருவர், இறந்தவர் தமக்குத் தரவேண்டிய தொகை உண்டென்று கூறி நின்றிருந்தார். கொடுக்கல் வாங்கல் குறிப்பு முழுவதும் அந்தக் கருவிக்குள் இருந்தது. அடக்கம் செய்யுமுன் தந்தையின் கடன்களைத் தம் தலைமேல் ஏற்றுக்கொள்ள வேண்டுமென்று மகன் துடித்தார். விரலை எடுத்து வைத்தார். குளிர்ந்து போன விரலைக் கருவி ஏற்கவில்லை. வந்தவர் சொன்ன தொகையை நம்பி அவர் ஏற்றுக்கொண்டார். வராதவர்களின் கடன் என்னவாயிற்று என்பது அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

அன்று நம் உள்ளத்தில் எழுந்த வினா இதுதான்: தன் பொருளைப் பூட்டி வைப்பது ஒருவனின் உரிமை, பூட்டியபடியே போய்விடுவதும் அவன் உரிமைதானா?

இந்தப் பூட்டின் தன்மையைச் சற்று விளக்குவோம். 2009 ஜனவரியில் தோன்றிய பிட்காயின் என்னும் மின்னணு நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு வங்கி இல்லை, மேலாளர் இல்லை. ஓர் இரகசிய எண்தான் அதன் திறவுகோல். மனிதர் எழுதி வைக்க ஏதுவாக அந்த எண்ணைப் பெரும்பாலும் 12 அல்லது 24 சாதாரணச் சொற்களின் வரிசையாக மாற்றித் தருகிறார்கள். அந்தச் சொற்களை அறிந்தவர் எவராயினும் நாணயத்தை எடுத்துக்கொள்ளலாம்; அறியாதவர் பெற்ற மகனாயினும் தொடமுடியாது. ஸ்டீபன் தாமஸ் என்னும் கணினி வல்லுநர் 7,002 பிட்காயின்களின் திறவுகோலை ஒரு சிறு கருவியில் பூட்டி வைத்து, கடவுச்சொல் எழுதிய தாளைத் தொலைத்து விட்டார். பத்து முறை தவறினால் தன்னையே நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும் கருவி அது. எட்டு முறை அவர் தவறியிருந்தார் என்பது 2021 ஜனவரியில் உலகறிந்த செய்தியாயிற்று. உயிரோடிருக்கும் உரியவருக்கே இந்நிலை என்றால், வாரிசுகளின் நிலையை என்னென்பது!

இதைவிட ஆழ்ந்து எண்ணத்தக்க நிகழ்ச்சியும் உண்டு. கனடா நாட்டில் குவாட்ரிகா என்ற நாணயச் சந்தையை நடத்திய ஜெரால்டு காட்டன், 2018 டிசம்பரில் நம் நாட்டு ஜெய்ப்பூரில் தமது 30-ஆம் வயதில் காலமானார். வாடிக்கையாளர்களின் செல்வத்துக்குரிய திறவுகோல்கள் அவர் ஒருவருக்கே தெரியும் என்று பின்னர் அறிவிக்கப்பட்டது. பூட்டிய பெட்டகம் அவரோடு போயிற்றென்று மக்கள் கலங்கினர். விசாரணையிலோ பெட்டகமே பெரும்பாலும் வெறுமையாயிருந்தது தெரியவந்தது. அது மோசடி என 2020-இல் ஒண்டாரியோ மாநிலப் பங்குச்சந்தை ஆணையம் முடிவுரைத்தது. திறவுகோல் தொலைந்துவிட்டால் நேர்மையாளனின் நிறைந்த பெட்டியும் மோசக்காரனின் வெற்றுப் பெட்டியும் வெளியிலிருந்து பார்ப்போர்க்கு ஒன்றாகவே தோன்றும். எதையும் சொல்லாமல் சென்ற நல்லவரும் அந்த ஐயத்துக்கு ஆளாகலாம் அன்றோ?

இத்தகைய நாணயம் மார்க்கத்தில் ஆகுமா ஆகாதா என்பதில் உலமாப் பெருமக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. அதை இங்கே நாம் முடிவு செய்யப் புகவில்லை. அது சொத்தே என்றும், ஒருவர் பொருட்டு இன்னொருவர் நம்பிக்கைப் பொறுப்பாக வைத்திருக்கத் தக்கது என்றும் 2025 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றம் கூறியுள்ளது. நாணயமே வேண்டாமென்று ஒதுங்கியவரின் செல்போனிலும் கடன் கணக்கும் வங்கித் தொடர்பும் பத்திர நகல்களும் பூட்டிக் கிடக்கின்றன. ஆகவே இது நம் எல்லோருக்கும் உரிய வினாவாகும்.

"திறவுகோலை மூத்த மகனிடம் சொல்லிவிட்டால் தீர்ந்தது" என்பார் சிலர். இங்கேதான் பெரும் பிழை நேர்கிறது. ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு மக்கா வெற்றியின்போது கஅபாவின் திறவுகோலைப் பெற்ற அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அதை வழிவழியாக வைத்திருந்த உஸ்மான் இப்னு தல்ஹா (ரலி) அவர்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். இன்றளவும் அது பனூ ஷைபா குடும்பத்தாரிடம் இருந்து வருகிறது. அந்த ஆலயம் தமக்குச் சொந்தமென்று அக்குடும்பம் உரிமை கொண்டாடியதில்லை. திறவுகோலை வைத்திருப்பவர் காவலர், உரியவர் அல்லர்.

ஆனால் இந்தப் புதிய கருவிகளுக்கு அந்த வேறுபாடு தெரியாது. திறப்பவன் யாரோ அவனே உரியவன் என்பது கருவியின் நியதி. நம் ஃபராயிள் சட்டமோ மனைவியின் பங்கையும் பெற்றோரின் பங்கையும் மகளின் பங்கையும் தனித்தனியே நிர்ணயித்திருக்கிறது. அடக்கச் செலவு, கடன், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத் ஆகியவை நீங்கிய பின்னரே பாகப்பிரிவினை. ஏனைய வாரிசுகளின் சம்மதமின்றி ஒரு வாரிசுக்கு மட்டும் வஸிய்யத் செய்வதும் செல்லாது. அப்படியிருக்க, ஒரு மகன் காதில் மட்டும் ஓதிய 24 சொற்கள், அவன் மனம் தடுமாறினால், மற்றவர் பங்கை ஓசையின்றி விழுங்கிவிடும். நிலத்தை மறைத்தால் பத்திர அலுவலகம் காட்டிக் கொடுக்கும்; இதைக் காட்டிக் கொடுப்பார் யார்? வெளியூரில் வாழ்க்கைப்பட்டுப் போன மகளுக்குத் தன் தந்தை அப்படியொரு பொருள் விட்டுச் சென்றதே தெரியாமற் போகும். தெரியாத உரிமையை எவ்வாறு கேட்பாள்?

எனவே நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. பொருள் இருக்கிறது என்னும் செய்தி எல்லா வாரிசுகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதைத் திறக்கும் ஆற்றல் எவர் ஒருவரிடமும் தனித்திருக்கலாகாது.

இதற்கு வழியும் உண்டு. 1979-இல் அதி ஷமீர் என்னும் கணித அறிஞர் ஓர் இரகசியத்தைப் பல பங்குகளாக்கும் முறையை வெளியிட்டார். ஒரு புள்ளி வழியாக எண்ணற்ற நேர்கோடுகள் செல்லலாம். இரண்டு புள்ளிகள் கிடைத்துவிட்டால் கோடு ஒன்றே. அந்தக் கோட்டில்தான் இரகசியம் இருக்கிறது. மனைவியிடம் ஒரு புள்ளி, மகளிடம் ஒரு புள்ளி, நம்பிக்கைக்குரிய வஸீயிடம் ஒரு புள்ளி என்று கொடுத்துவிட்டால், எவரேனும் இருவர் கூடினால் திறக்கும். தனியொருவரால் திறக்க இயலாது. ஒருவர் பங்கு தொலைந்தாலும் பொருள் அழியாது. சொற்களைப் பாதி பாதியாகக் கிழித்துக் கொடுப்பது இதற்கு ஈடாகாது. ஒரு பாதி தொலைந்தால் யாவும் தொலையும்.

இத்தகைய கணக்கு வசப்படாதவர் வெறும் பட்டியலாவது எழுதட்டும். என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது, யாருக்கு எவ்வளவு தரவேண்டும், திறப்பதற்கு யாரை அணுக வேண்டும் என்பவை போதும். பலர் கண்ணில் படும் வஸிய்யத்தில் கடவுச்சொல்லையே எழுதிவிட வேண்டாம். ரமலானில் ஜகாத் கணக்குப் பார்க்க உட்காரும் நாளில் இந்தப் பட்டியலையும் புதுப்பித்து விடலாம்.

இனி மற்றொரு பக்கமும் உண்டு. பூட்டியவை அனைத்தும் பொருளல்ல. நண்பர் நம்பிச் சொன்ன துயரம், திருந்திவிட்ட ஒருவரின் பழைய பிழை, கணவன் மனைவிக்கிடையேயான மடல் ஆகியவையும் அங்கே இருக்கும். அவை பாகம் பிரிக்கத்தக்க சொத்தல்ல. பிறர் நம்மிடம் வைத்த அமானத். மய்யித்தைக் குளிப்பாட்டுவோர் கண்ட குறையை மறைக்கக் கடமைப்பட்டிருப்பது போல, செல்போனைத் திறப்போரும் கடமைப்பட்டவரே. கூகுள் நிறுவனம் 2013 முதலே, கணக்கு நெடுநாள் பயன்படாது கிடந்தால் நாம் குறித்தவருக்கு விவரம் தரவோ, முற்றும் அழிக்கவோ ஏற்பாடு செய்துள்ளது. எதைக் கொடுப்பது, எதை அழிப்பது என்பதை உயிரோடிருக்கும் நாமே முடிவு செய்தல் நன்று.

நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவைத் துறந்த இரவை எண்ணிப் பாருங்கள். வீட்டைப் பகைவர் சூழ்ந்திருந்தனர். பயணமோ பரம இரகசியம். ஆயினும் மக்கள் ஒப்படைத்திருந்த பொருள்களை உரியவரிடம் சேர்க்க அலீ (ரலி) அவர்களை நியமித்துவிட்டே புறப்பட்டார்கள். அமானத்தைச் சேர்ப்பிக்க அந்த இரகசியம் தடையாகவில்லை.

நாமும் ஒருநாள் புறப்படுவோம். அன்று நம் பிள்ளைகள் குளிர்ந்த விரலைத் தேடி வந்து நிற்கும் நிலையை விட்டுச் செல்லாதிருப்போமாக. வல்ல அல்லாஹ் அதற்கு நல்லருள் புரிவானாக! ஆமீன்.