கையெழுத்தும் சம்மதமும்

ஒரு பேட்டையின் சார்பில் கையெழுத்திட யாருக்கு உரிமை? அமெரிக்க நகரங்களில் விளையாட்டரங்கம் கட்டுகிறவர்களும் சுற்றுவட்டாரத்து அமைப்புகளும் செய்துகொள்ளும் 'சமூக நலன் ஒப்பந்தம்' இந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது. கட்டுகிறவர் வேலையும் வீடும் பூங்காவும் தருவதாக எழுதிக் கொடுக்கிறார். அமைப்புகள் இனி எதிர்ப்பதில்லை என்று எழுதிக் கொடுக்கின்றன.

2001ல் லாஸ் ஏஞ்சலிஸில், ஸ்டேப்பிள்ஸ் சென்டர் அரங்கை ஒட்டி எழவிருந்த ஹோட்டல், கேளிக்கை வளாகத்துக்காக இப்படி ஒன்று கையெழுத்தாயிற்று. முப்பதுக்கு மேற்பட்ட அமைப்புகள் ஒரே கூட்டணியாக நின்றன. பூங்காக்களுக்குப் பத்து லட்சம் டாலர்; வீடுகளில் 20 சதவீதம் குறைந்த வருமானக்காரர்களுக்கு; வேலைகளில் 70 சதவீதமாவது வாழப் போதுமான கூலி தரவேண்டும் என்பது இலக்கு. நகரசபையின் அனுமதி அப்போது பாக்கியிருந்தது. கூட்டணியால் தடுக்க முடியும் என்பது கட்டுகிறவருக்குத் தெரிந்திருந்தது. மறுக்க முடிந்தவரின் சம்மதத்துக்குத்தான் மதிப்பு.

2005ல் புரூக்ளினின் அட்லாண்டிக் யார்ட்ஸ் திட்டத்துக்கு எட்டு அமைப்புகள் கையெழுத்திட்டன. அவற்றுள் சில கட்டுகிறவரிடமே பணம் பெற்றவை. நிலம் கையகப்படுத்தப்படுவதை எதிர்த்து வழக்காடியவர்கள் அந்த எட்டுக்கு வெளியே நின்றார்கள். 2012ல் பார்க்லேஸ் சென்டர் திறந்துவிட்டது. ஒப்பந்தத்தின் நிறைவேற்றத்தைக் கண்காணிக்க அதிலேயே சொல்லப்பட்ட சுயேச்சையான கண்காணிப்பாளர் நியமிக்கப்படவேயில்லை. வாக்களித்த 2,250 குறைந்த வாடகை வீடுகளில் எண்ணூறுக்கு மேல், பின்னர் விதிக்கப்பட்ட 2025 மே மாதக் கெடு கடந்தபோதும் எழும்பவில்லை. மௌனம் ரொக்கம், வீடு கடன்.

கையெழுத்திட்டவர்களை விலைபோனவர்கள் என்று ஏசிவிடுவது சுலபம். தூய மறுப்பு, மாத வாடகைக் கவலை இல்லாத நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டுபடியாகும். அரங்கம் எப்படியும் வரும், வருவதில் ஏதாவது கிடைக்கட்டும் என்று நினைப்பவனிடம் நம் தார்மீகக் கோபத்துக்குச் செலாவணி இல்லை. பேரம் பேசுவதில் இழிவும் இல்லை.

ஆனால் என் எதிர்ப்பை நான் விற்கலாம். அண்டை வீட்டுக்காரனின் எதிர்ப்பு என் சரக்கல்ல. 'சமூகம்' என்ற ஒருமைச் சொல் இந்த வித்தியாசத்தை அழித்துவிடுகிறது. வீடு போகிறவனும் வேலை கிடைக்கப் போகிறவனும் அச்சொல்லுக்குள் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். இரண்டாமவன் வாங்கிக்கொள்ள, முதலாமவன் சம்மதித்ததாகிறது. இத்தகைய ஒப்பந்தம் நேர்மையாக இருக்க வேண்டுமானால், யார் இதில் சேரவில்லை என்பதை அதன் முதல் ஷரத்து சொல்ல வேண்டும். அவர்களுடைய எதிர்ப்பு விற்கப்படவில்லை என்பதை இரண்டாவது ஷரத்து சொல்ல வேண்டும்.