நட்டவனும் உடையவனும்

தனக்குச் சொந்தமில்லாத வீட்டை ஒருவன் செப்பனிடுவது அறிவுடைமையா, அறியாமையா? நாளை விட்டுப் போகவேண்டிய மண்ணில் இன்று ஒரு தென்னம்பிள்ளையை நடுவது கடமையா, பேதைமையா? இவை பண்டிதர்கள் வாதத்திற்காகக் கற்பித்துக்கொண்ட கேள்விகள் அல்ல. தோட்டத்து லயங்களில் பிறந்து, ஜாசினிலும் மெர்லிமாவிலும் அலோர் காஜாவிலும் சிதறி வாழும் நம்மவர் ஒவ்வொருவரும் என்றேனும் ஒருநாள் தமக்குள் கேட்டுக்கொண்ட கேள்விகளே. இவற்றைப்பற்றி எழுதுமாறு நம்மைத் தூண்டியது ஒரு பழைய பலகை வீடு.

ஜாசினுக்கு அருகே, சிற்றூர் ஒன்றின் ஓரத்தில் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த அவ்வீட்டைச் சென்ற ஆண்டு நாம் வங்கிக் கடனில் வாங்கினோம். தோட்டத்துக் கிராணியின் சம்பளத்தில் ஆள் வைத்து வேலை செய்விப்பது ஆகாத காரியம். ஆகவே ஞாயிற்றுக்கிழமைதோறும் நாமும் நம் மனைவியாரும் பிள்ளைகளுமே தச்சரும் கொத்தருமானோம். இப்பக்கத்துப் பழைய மலாய்க்காரர் வீடுகளைப் போலவே அதன் தூண்கள் மண்ணில் புதைக்கப்படாமல் கற்களின்மேல் நிறுத்தப்பட்டிருந்தன. ஈரமும் கரையானும் மரத்தை எளிதில் அணுகாதிருக்க முன்னோர் கண்ட உபாயம் அது. பின்னாளில் குடியிருந்தவர் எவரோ தூண்களைச் சுற்றிக் குப்பையும் மண்ணும் சேரவிட்டமையால், கற்கள் மூடுண்டு, கரையான் ஏறி, நான்கு தூண்களின் அடிப்பாகத்தைத் தின்று தீர்த்திருந்தது. தூண்களை மாற்றினோம், தகரக் கூரையின் ஓட்டைகளை அடைத்தோம், சாக்கடையைத் தோண்டினோம், முழங்கால் அளவு வளர்ந்திருந்த லாலான் புல்லை வேரோடு களைந்தோம்.

இதைக் காணவந்த அலுவலகத் தோழர் ஒருவர் நகைத்தார். “பட்டாவைப் படித்தீர்களா? 99 ஆண்டுக் குத்தகை. அதில் 41 ஆண்டுதான் மீதி. அதன்பின் நிலம் மாநில அரசாங்கத்தைச் சேர்ந்தது. இதற்கா இவ்வளவு பாடு?” என்றார். நம் அத்தையாரோ வேறு விதமாகச் சொன்னார்: “பிழைக்க வந்த இடத்தில் இத்தனை ஆழமாக வேர் விடலாமா தம்பி?” சட்டம் படித்தவரும் எழுத்தறியாதவரும் ஒரே முடிவுக்கு வந்தது நமக்கு வியப்பையே தந்தது. உரிமை உறுதியில்லாத இடத்தில் உழைப்பைச் செலவிடாதே என்பதே அவ்விருவர் உபதேசத்தின் சாரம்.

இவ்வுபதேசம் நம் குடும்பத்திற்குப் புதியதன்று. இந்திய அரசாங்கம் 1938-இல், உதவி கொடுத்துக் கூலியாட்களை மலாயாவுக்கு அனுப்பும் முறையைத் தடை செய்வதற்கு முன் கப்பலேறி வந்தவர் நம் பாட்டனார். லயத்து வீட்டின் பின்புறத்தில் கீரை விதைத்தார், வெண்டை போட்டார், முருங்கைக் கொம்பு நட்டார், கறிவேப்பிலைக் கன்று வைத்தார். தென்னையை மட்டும் நடவில்லை. கேட்டால், “அது காய்க்க ஆறேழு வருஷம் ஆகும், அதுவரைக்கும் நான் இங்கேயா இருக்கப் போறேன்?” என்பாராம். நாற்பது ஆண்டுகள் ஆண்டுதோறும் அவ்வாறே சொல்லி, அவ்வூரிலேயே கண்ணை மூடினார்.

இதில் நாம் சிந்திக்கவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. பால்மரமும் நட்டவுடன் பால் தருவதன்று. வெட்டுக்கு வர அதற்கும் ஐந்தாறு ஆண்டுகள் வேண்டும். 1896-இல் டான் சே யான் என்னும் சீனத் தனவந்தர் இதே மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில், வியாபாரத்திற்கென ரப்பர்க் கன்றுகளை நட்டார். அந்நாள் முதல் இம்மாநிலத்தில் எத்தனை கன்றுகளை நம்மவர் நட்டுக் களையெடுத்து வளர்த்திருப்பர்! முதலாளியின் மரத்திற்கு ஆறாண்டு காத்திருந்த பாட்டனார், தம் பிள்ளைகளுக்கு இளநீர் தரக்கூடிய ஒரு மரத்திற்குக் காத்திருக்கவில்லை. இதற்காக அவரைக் குறைகூற நாம் துணியோம். வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். போதாக்குறைக்கு 1969-இல், குடியுரிமை இல்லாதார்க்கு வேலை அனுமதி வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தபோது, பல்லாயிரவர் மூட்டை கட்டிக் கப்பலேறினர். அந்நிலையில் தென்னை நடாதவனை மூடன் என்று எவர் சொல்லக்கூடும்?

ஆயினும் அவர் சரியாகவே செய்தார் என்றும் நம்மால் சொல்ல முடியவில்லை. அதற்குக் காரணம் வேறொரு முதியவர்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் வேறொரு தோட்டத்தில் வேலை பார்த்தோம். அங்கே பால்மரங்களை அழித்துச் செம்பனை வைத்தார்கள். பழைய லயம் இடிபட வேண்டியதாயிற்று. ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளி ஒருவருக்கு, ஒரு மாதத்திற்குள் வீட்டைக் காலி செய்யுமாறு கடிதம் போயிற்று. அதைத் தட்டச்சு செய்தவர் நாமே. அது ஆங்கிலத்தில் இருந்தமையால் அவர் வாசலில் நின்று தமிழில் சொன்னவரும் நாமே. ஆங்கிலப் பள்ளியில் நாம் கற்ற கல்வி அன்று அதற்குத்தான் பயன்பட்டது.

தவணை முடிந்த மாலையில் சாவி வாங்கச் சென்றோம். முற்றம் பெருக்கியிருந்தது. ஆடிக்கொண்டிருந்த கதவுப் பலகை புதிதாக ஆணி அறையப்பட்டிருந்தது. முதியவர் கத்தரிச் செடிகளுக்கு நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். “தாத்தா, நாளைக்கு இடிக்கப்போகிறார்களே, இதற்கு ஏன் தண்ணீர்?” என்று கேட்டோம். அவர் வாளியைக் கீழே வைக்காமலே, “இடிக்கிறது நாளைக்குத்தானே ஐயா, செடிக்கு இன்னைக்கில்ல தாகம்!” என்றார்.

நாம் ஒன்றும் பேசவில்லை. சாவியைப் பெற்றுப் பதிவேட்டில் கையெழுத்திட்டுத் திரும்பினோம்.

அம்முதியவர் செய்தது வீண்வேலை என்று கணக்கறிந்தவர் சொல்லக்கூடும். அவர் உழைப்பு அவ்வீட்டை அவருக்கு உரியதாக்கவில்லையா என்று நியாயம் அறிந்தவர் கேட்கக்கூடும். ஜான் லாக் என்னும் ஆங்கில ஞானி 17-ஆம் நூற்றாண்டில் இதைப்பற்றி எழுதியிருக்கிறார். பொதுவாய்க் கிடக்கும் மண்ணோடு ஒருவன் தன் உழைப்பைக் கலந்தால் அது அவனுடைய உடைமையாகும் என்பது அவர் கொள்கை. கேட்க இனிதாக இருக்கிறது. ஆனால் அவரே சிறிது தூரம் சென்று, தம் வேலைக்காரன் வெட்டியெடுத்த புல்தரையும் தமக்கே உரியது என்கிறார்! உழைப்பு ஒருவனுடையது, உடைமை மற்றொருவனுடையது என்பதற்கு அக்கொள்கையிலேயே வாசல் திறந்திருக்கிறது. அவ்வாசல் வழியாகத்தான் நம் லயங்கள் எழுந்தன. ஆகவே உழைத்தோம், ஆதலால் தானே உரியதாகும் என்று நம்பியிருப்பது பேதைமை.

அப்படியானால் உரிமை வரும்வரை உழைக்காதிருப்பதா? அதுவும் பேதைமையே என்போம். இரவல் வீட்டின் கூரை ஒழுகினால் உடையவன் நனைவதில்லை. நம் பிள்ளையின் பாய்தான் நனைகிறது. வீடு யாருடையதாயினும், அதில் கழியும் நாள் நம்முடைய நாள். சொந்த வீடு வந்தபின் ஒழுங்காக வாழ்வோம் என்று ஒத்திப்போட்டவர் பலர், ஒழுங்காக வாழாமலே போய்ச் சேர்ந்தனர். நம் பாட்டனார் இழந்தது தேங்காய் மாத்திரமா? இது நம் ஊரன்று என்று நாற்பதாண்டு சொல்லிச் சொல்லி, தாம் இருந்த ஊரில் இராதவராகவும், நினைத்த ஊருக்குப் போகாதவராகவும் அன்றோ அவர் வாழ்ந்தார்? கத்தரிக்கு நீர் ஊற்றிய முதியவரோ கடைசி மாலைவரை தம் வீட்டில் குடியிருந்தார்.

இங்கே ஒரு பலமான ஆட்சேபணை எழும். “உனக்கு உரிமை இல்லாவிட்டாலும் செப்பனிடு, பெருக்கு, நீர் ஊற்று என்பது முதலாளிக்கு உகந்த உபதேசமன்றோ?” என்று தோழர்கள் கேட்கலாம். கேட்கவும் வேண்டும். உலகம் நிலையற்றது, உடைமை மாயை, எல்லாம் தலைவிதி என்று நிலமற்றவனுக்கு உபதேசித்தவர்கள், தங்கள் நிலத்தைப் பதிவு செய்துகொள்ள மறந்ததில்லை. பற்றின்மையை ஏழைக்கு மட்டும் வைத்துவிட்டுப் பட்டாவைத் தமக்கு வைத்துக்கொள்ளும் தருமத்தை நாம் ஏற்கமாட்டோம். நீர் ஊற்றியவன் நல்லவன் என்று புகழ்ந்துவிட்டு அவனை வெளியேற்றிய அநீதியை மறைத்தால், அப்புகழ்ச்சியும் அநீதியின் ஒரு பகுதியே ஆகும். கடிதத்தைத் தட்டச்சு செய்த நாம் இதை நமக்கே முதலில் சொல்லிக்கொள்கிறோம்.

ஆகவே வீட்டைப் பேணுவது ஒரு கடமை. உரிமையைத் தேடுவது மற்றொரு கடமை. முதலாவதைத் தனியொருவன் செய்யலாம். இரண்டாவது பெரும்பாலும் கூடிச் செய்யவேண்டியது. மலாயா சுதந்திரம் பெற்ற காலத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடினார்கள். தொழிலாளர் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அப்போது துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் முன்னின்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்ட பணம் தோட்டங்களையே விலைக்கு வாங்கிற்று. தலைவிதி என்று சொல்லிக்கொண்டிருந்தால் அது நடந்திருக்குமா? குடியிருப்புக்குரிய குறைந்த அளவு வசதிகளைப்பற்றி 1966-இலும் 1990-இலும் சட்டங்கள் வந்தன. கூரையும் நீரும் எப்படியிருக்கவேண்டும் என்று அவை கூறும். ஆனால் குடியிருப்பவனை உடையவனாக்கா. சட்டம் நின்ற இடத்திலிருந்து நம் முயற்சி தொடரவேண்டும்.

இனி அத்தையாரின் கேள்விக்கு வருவோம். பிழைக்க வந்த இடத்தில் வேர் விடலாமா? மலாக்காவில் வாழும் நாம் இதற்கு விடை தேடித் தொலைவு செல்லவேண்டியதில்லை. காஜா பேராங்கில் செட்டிகள் வாழ்கிறார்கள். சுல்தான்கள் காலத்தில் வாணிபத்திற்கு வந்த தமிழரின் வழித்தோன்றல்கள் அவர்கள். 1511-இல் போர்த்துக்கீசியர் வந்தனர், 1641-இல் டச்சுக்காரர் வந்தனர், 1824-இல் ஆங்கிலேயர் வந்தனர், எல்லோரும் போயினர். செட்டிகள் இருக்கின்றனர். மலாய் மொழியே அவர்கள் வீட்டு மொழியாயிற்று. ஆயினும் தம் சமயத்தையும் வழக்கங்களையும் விடவில்லை. டச்சு ஆட்சியில் கிடைத்த நிலத்தில் 1781-இல் அவர்கள் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் நிற்கிறது. கொடுத்த அரசாங்கம் மறைந்தது. கட்டி, பழுதுபார்த்து வந்தவர்களின் வேலை நிலைத்தது. இதற்குமேல் அத்தையாருக்கு வேறு சான்று வேண்டுமா?

கடைசியாக ஒன்று. இதைச் சொல்ல நமக்குக் கூச்சமாக இருக்கிறது. எனினும் சொல்லாமல் விடுவது யோக்கியமாகாது. நம்மவர் பெரும்பாலும் விட்டுச்சென்ற தோட்டத்துக் குடியிருப்புகளில் இன்று இந்தோனேசியரும் வங்கதேசத்தவரும் இருக்கிறார்கள். நாம் இப்போது வேலை பார்க்கும் இடத்தில் வங்கதேச இளைஞர் ஒருவர் பழைய எண்ணெய்த் தகர டின்களில் மிளகாய்ச் செடி வைத்திருக்கிறார். தம் அறைக்கூரை ஒழுகுகிறதென்று அவர் கொடுத்த மனு மூன்று வாரம் நம் மேசையில் கிடந்தது. அம்மூன்று ஞாயிறும் நாம் நம் வீட்டுக் கூரையை அடைத்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் ஞாயிறன்று ஏணியின்மேல் நிற்கும்போதுதான் அம்மனு நினைவுக்கு வந்தது. திங்கட்கிழமை காலை அதை மேலாளரிடம் நேரில் கொண்டுபோனோம். அவ்வாரமே புதுத் தகரம் போட்டார்கள். அரைமணி நேர வேலை. அதைச் செய்ய நமக்கு மூன்று வாரம் பிடித்தது. நம் பாட்டனாரின் மனுக்கள் எத்தனை மேசைகளில் அவ்வாறு கிடந்தனவோ! அவரிடமும், “நீ போகப்போகிறவன்தானே” என்று சொல்லியிருப்பார்கள். இன்று அதே வார்த்தையை நாம் வாயால் சொல்லவில்லை; மேசையால் சொன்னோம்.

உடைமை பெற்றவுடன் உடைமையில்லாதவனை மறப்பது மனிதனுக்கு மிக எளிது. தன் வீட்டுத் தூணை மாற்றுகிறவன், தன் கைக்கு எட்டிய பிறர் வீட்டுக் கூரையையும் பார்க்கக் கடமைப்பட்டவன் என்பதே இவ்வோராண்டு வேலையில் நாம் கற்ற பாடம்.

சென்ற மாதம் வீட்டின் பின்புறத்தில் ஒரு தென்னம்பிள்ளையை நட்டோம். அது காய்க்க ஆறேழு ஆண்டுகள் செல்லும். குத்தகையில் மீதி 41 ஆண்டு. தவணையை நீட்டிக்க விண்ணப்பிக்கும் வழியை இப்போதே விசாரித்து வருகிறோம். நீட்டித்துக் கொடுத்தால் நம் பிள்ளைகள் இளநீர் குடிப்பார்கள். கொடாவிட்டால் வேறு எவர் பிள்ளைகளோ குடிப்பார்கள். எவ்வாறாயினும் அதற்கு இன்று மாலை நீர் ஊற்றவேண்டும். லயத்திலும் பட்டணத்திலும் வாடகை வீட்டிலும் வாழும் நம் தோழர்கள் தத்தம் வீட்டுப் பின்புறத்தை ஒருமுறை பார்ப்பார்களாக. பின் தத்தம் பட்டாவையும் ஒருமுறை பார்ப்பார்களாக.