இடைக்காலம்

2019 ஜனவரி 3ஆம் தேதி காலை, வட அமெரிக்காவின் பனி ஹாக்கிப் போட்டியான தேசிய ஹாக்கி லீக்கில் ஆடிய 31 அணிகளில் செயின்ட் லூயிஸ் புளூஸ் கடைசி இடத்தில் இருந்தது. 37 ஆட்டங்களில் 34 புள்ளிகள். ஜூன் 12 இரவு அதே அணி லீக்கின் சாம்பியன் கோப்பையான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியது. இரண்டு தேதிகளையும் அருகருகே வைத்தால் அதிசயம் என்றே தோன்றும். ஆனால் அந்த ஐந்து மாதங்களை அவர்கள் அதிசயமாக வாழவில்லை. ஓர் ஆட்டம், ஒரு விமானப் பயணம், அடுத்த ஊர், அடுத்த ஆட்டம் என்றே கழித்தார்கள். ஜனவரி 3 ஒரு திருப்பம் என்பது ஜனவரி 3 அன்று யாருக்கும் தெரியாது. ஜூனில் நின்று திரும்பிப் பார்த்தவர்கள்தான் அந்த நாளைக் கண்டெடுத்தார்கள்.

*

முந்தைய நவம்பரில் தலைமைப் பயிற்சியாளர் மைக் யோவை நீக்கிவிட்டு, கிரேக் பெரூபியை அமர்த்தினார்கள். இடைக்காலப் பயிற்சியாளர். வேறொருவர் கிடைக்கும்வரை என்று பொருள். வந்ததும் எல்லாம் சரியாகிவிடவும் இல்லை. டிசம்பரில் பயிற்சியின்போதே இரு வீரர்கள் கையுறையைக் கழற்றிவிட்டு அடித்துக்கொண்டார்கள். பெரூபி ஆடிய காலத்தில் முரட்டு வீரர், ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்டங்களில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட நிமிடங்கள் தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்தவர். பயிற்சியாளராக அவர் கேட்டதும் எளிய விஷயங்களே: நேராக ஆடு, உடம்பைப் போட்டு ஆடு, அடுத்த ஆட்டத்தைப் பார்.

கோப்பை வென்ற இரவிலும் அவர் இடைக்காலப் பயிற்சியாளர்தான். மூன்றாண்டு ஒப்பந்தம் அதன் பிறகே வந்தது. இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். இடம் உறுதியானால்தான் மனம் ஊன்றும் என்று எத்தனை வேலைகளைத் தள்ளிப்போடுகிறோம். அவர் அப்படிக் காத்திருக்கவில்லை. இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கவேண்டி வரலாம் என்று தெரிந்த இடத்தில் முழுதாக உழைத்தார்.

*

ஹாக்கியில் யாரும் நெடுநேரம் பனித்தளத்தில் நிற்பதில்லை. முக்கால் நிமிடம்போல முழு மூச்சில் சறுக்குவார்கள். பிறகு ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தடுப்பைத் தாண்டி பெஞ்சுக்குத் திரும்புவார்கள், அடுத்தவர்கள் இறங்குவார்கள். எவ்வளவு பெரிய நட்சத்திரமானாலும் அவர் ஆட்டம் இப்படித் துண்டு துண்டாகத்தான் நடக்கிறது. இந்த விளையாட்டின்மேல் எனக்குள்ள பற்றுக்கு இதுவே முதல் காரணம்.

மாறாமல் நிற்பவர் கோல்கீப்பர் ஒருவர்தான்.

*

ஜோர்டன் பின்னிங்டனை புளூஸ் 2011இல் தேர்வு செய்தது. அதன்பின் அவர் ஏழாண்டுகளுக்கு மேல் கீழ்நிலை அணிகளில் கழித்தார். 2017–18 பருவத்தில் அவரை வைத்துக்கொள்ளச் சொந்தக் கிளை அணிகூடப் புளூஸிடம் இல்லை. பிராவிடன்ஸ் நகருக்கு, பாஸ்டன் புரூயின்ஸின் கிளை அணிக்கு, இரவல் கொடுத்தார்கள். அடுத்த பருவம் தொடங்கியபோது கோல்கீப்பர் வரிசையில் நான்காவது ஆள்.

2019 ஜனவரி 7, பிலடெல்பியா. தேசிய லீக்கில் முதல்முறையாகத் தொடக்கம் முதல் கோல்முன் நின்றார். 3–0. பக் எனும் ரப்பர் வட்டு ஒருமுறையும் அவரைத் தாண்டவில்லை. முந்தைய இரவு அதே ஊரின் ஒரு மதுக்கூடத்தில் சக வீரர்கள் சிலர் லாரா பிரானிகனின் ‘குளோரியா’ பாட்டைக் கேட்டுவிட்டு, இனி வெற்றிக்கு இதுதான் பாட்டு என்று முடிவு செய்திருந்தார்கள். 1982இல் வெளிவந்த பாட்டு. பாடியவர் 2004இலேயே மறைந்துவிட்டார். அந்த வசந்தம் முழுக்க செயின்ட் லூயிஸ் ஊரே அவர் பாட்டைப் பாடியது.

மிச்சமிருந்த 45 ஆட்டங்களில் அணி 30ஐ வென்றது. இடையில் தொடர்ச்சியாகப் பதினொன்று.

பின்னிங்டன் முகத்தில் எதுவும் தெரியாது. ஒரு கோல் வாங்கினால் தண்ணீர் குடிப்பார், கோல்கம்பத்தைத் தட்டுவார், திரும்ப நிற்பார். உணர்ச்சியற்றவர் என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. உணர்ச்சியை எப்போது செலவிடுவது என்று கீழ்நிலை அணிகளின் நீண்ட பேருந்துப் பயணங்களில் கற்றிருப்பார் என்றே நினைக்கிறேன்.

*

மே 15, பிளேஆஃப் அரையிறுதித் தொடரில் சான் ஹோசேயுடன் மூன்றாவது ஆட்டம், கூடுதல் நேரம். சான் ஹோசே வீரர் ஒருவரின் கை பட்டு பக் சகவீரரிடம் போனது. விதிப்படி அங்கேயே ஆட்டம் நின்றிருக்க வேண்டும். நடுவர்கள் பார்க்கவில்லை. எரிக் கார்ல்சன் கோல் அடித்தார். அத்தகைய பிழையைக் காணொளியில் சரிபார்க்க அன்று விதியும் இல்லை. அரங்கம் கொதித்தது.

நியாயமான கோபம். அதைச் சுமந்துகொண்டே அடுத்த ஆட்டத்துக்குப் போக எல்லா உரிமையும் அவர்களுக்கு இருந்தது. பெரூபி அதை அங்கேயே விட்டுவிடச் சொன்னார். அடுத்த மூன்று ஆட்டங்கள்: 2–1, 5–0, 5–1. தொடர் முடிந்தது. விதி அடுத்த பருவத்தில் மாறியது, இவர்களுக்கு அது தேவைப்படாத காலத்தில்.

*

பாஸ்டன் அரங்கின் வெளியே ஒரு வெண்கலச் சிலை உண்டு. பாஸ்டனின் பாபி ஓர், கைகளை விரித்தபடி, அந்தரத்தில். 1970 மே 10 அன்று கூடுதல் நேரத்தின் 40ஆம் நொடியில் கோப்பையை வென்ற கோலை அடித்துவிட்டு அவர் பறந்த அந்தக் கணத்தின் ஒளிப்படத்தை இந்த விளையாட்டைச் சற்றே அறிந்தவர்களும் பார்த்திருப்பார்கள். படத்தில் வேறு ஆட்களும் இருக்கிறார்கள். காலை இடறிவிட்ட நோயல் பிக்கார்ட். கோல்முன் கிளென் ஹால். இருவரும் புளூஸ்காரர்கள்.

1967இல் பிறந்த அணி, தன் முதல் மூன்று பருவங்களிலும் இறுதித் தொடருக்குப் போய், ஆடிய பன்னிரண்டு ஆட்டங்களிலும் தோற்றது. பிறகு 49 ஆண்டுகள் அங்கே காலே வைக்கவில்லை. சிலையில் தோற்றவர்களுக்கு இடமில்லை, படத்தில் இருக்கிறது. எனக்குப் படம்தான் பிடிக்கும்.

2019இல் மீண்டும் பாஸ்டனுடன் இறுதித் தொடர், பாஸ்டனிலேயே தொடங்கியது. முதல் ஆட்டம் தோல்வி; பதின்மூன்றாவது. இரண்டாவது ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில், அதிகம் கோல் அடிக்காத தடுப்பாட்டக்காரர் கார்ல் குனார்சன் அடித்தார். அணியின் வரலாற்றில் இறுதித் தொடரில் கிடைத்த முதல் வெற்றி.

*

தொடரைத் தீர்மானித்த ஏழாவது ஆட்டத்தின் முதல் இருபது நிமிடங்களை மட்டும் தனியாகப் பார்க்கலாம். பாஸ்டன் 12 முறை கோலை நோக்கி அடித்தது, புளூஸ் 4 முறை. பின்னிங்டன் பன்னிரண்டையும் தடுத்தார். இந்தப் பக்கம் ரையன் ஓரைலி, விலா எலும்பில் விரிசலோடு ஆடிக்கொண்டிருந்தவர், பக்கின் திசையை லேசாக மாற்றி முதல் கோலை அடித்தார். ஓராண்டுக்கு முன் பஃபலோ அணியில் இருந்தபோது, தோற்றுத் தோற்று இந்த ஆட்டத்தின்மேல் இருந்த அன்பே சில சமயம் போய்விட்டது என்று வெளிப்படையாகச் சொன்னவர் அவர். தொடர் முடிந்ததும் சிறந்த வீரர் விருது அவருக்கே.

முதல் பகுதி முடிய எட்டு நொடி. பாஸ்டனின் பிராட் மார்ஷண்ட் ஆள் மாற்றத்துக்காக பெஞ்சை நோக்கித் திரும்பினார். அவர் விட்ட இடைவெளியில் புளூஸ் தலைவர் அலெக்ஸ் பியட்ராஞ்சலோ வந்தார். 2–0. மார்ஷண்டை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஆயிரக்கணக்கான முறை சரியாகச் செய்ததைத்தான் அன்றும் செய்தார்.

பிறகு பிரேடன் ஷென். நான்காவது கோல் சாக் சான்ஃபோர்டுடையது. டிசம்பரில் பயிற்சியில் அடித்துக்கொண்ட இருவரில் ஒருவர், மாசசூசெட்ஸில் பிறந்தவர், பருவம் தொடங்கும் முன் செப்டம்பரில் தந்தையை இழந்தவர். பிளேஆஃபில் அவருக்கு அதுதான் முதல் கோல். ஆட்டம் 4–1.

*

கோப்பையை வாங்கிய பியட்ராஞ்சலோ முதலில் ஜே போமீஸ்டரிடம் கொடுத்தார். 35 வயது, ஆயிரத்துக்கு மேல் ஆட்டங்கள், அதுவரை கோப்பையே இல்லை. சத்தமில்லாத மனிதர். எட்டு மாதம் கழித்து, 2020 பிப்ரவரியில், அனஹைம் அரங்கில் ஆட்டத்தின் நடுவே பெஞ்சில் சரிந்தார். இதயம் நின்றுபோயிருந்தது, மின்னதிர்ச்சி கொடுத்து மீட்டார்கள். பிழைத்தார். மறுபடி ஆடவில்லை. எவ்வளவு சிறிய இடைவெளியில் கோப்பை அவர் கைக்கு வந்தது என்று நினைக்கும்போதெல்லாம், பியட்ராஞ்சலோ அன்று தேர்ந்த வரிசைக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

கோப்பையிலும் யாரும் நிரந்தரமில்லை. வென்றவர் பெயர்களைப் பொறிக்கும் வெள்ளிப் பட்டைகள் ஐந்து. எல்லாம் நிரம்பியதும் மிகப் பழையதைக் கழற்றி டொராண்டோ அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டு, கீழே வெறும் பட்டை ஒன்றைச் சேர்ப்பார்கள். புளூஸ் பெயர்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அதில் இருக்கும். பிறகு இறங்கும்.

ஆட்களில் பலர் அதற்குள்ளாகவே கலைந்துவிட்டார்கள். பியட்ராஞ்சலோ 2020இல் வேகாஸ் போனார், ஓரைலி 2023இல் டொராண்டோவுக்கு. அதே ஆண்டு டிசம்பரில் பெரூபியை நீக்கினார்கள். அந்த இடத்துக்கு வந்தவரும் இடைக்காலப் பயிற்சியாளராகவே வந்தார். பின்னிங்டன் புளூஸிலேயே இருந்தார். 2025 பிப்ரவரியில் நான்கு நாடுகள் மோதிய தொடருக்குக் கனடா அவரை எடுத்தபோது, அணியின் பலவீனம் கோல்முன்தான் என்று பலரும் எழுதினார்கள். இறுதியாட்டம் அதே பாஸ்டன் அரங்கில், அமெரிக்காவுடன். கூடுதல் நேரத்தில் அடுத்தடுத்து வந்த அடிகளை அவர் தடுத்துக்கொண்டே இருந்தார், கானர் மெக்டேவிட் மறுமுனையில் கோல் அடிக்கும்வரை.