எழுத்து யாருக்கு?

மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடம் படித்துக் காட்டும் நல்லவர்கள் பலர் உண்டு. "நாம்தான் படித்துச் சொல்கிறோமே, அந்தப் புள்ளி எழுத்து எதற்கு?" என்று அவர்களில் சிலர் கேட்பதுண்டு. கேள்வி புதிதல்ல, லூயி பிரெயில் உயிரோடிருந்தபோதே எழுந்ததுதான்.

பிரான்ஸில் குதிரைச் சேணம் தைப்பவரின் மகனாக 1809இல் பிறந்தவர் பிரெயில். மூன்று வயதில் தகப்பனாரின் குத்தூசி கண்ணில் பட்டது. புண் மறு கண்ணுக்கும் பரவிப் பார்வை போயிற்று. பாரிஸில் அவர் சேர்ந்த பள்ளியில் புத்தகங்கள் இருந்தன. சாதாரண எழுத்தையே காகிதத்தில் புடைக்க வைத்து அச்சிட்டவை. தடவித் தடவி வாக்கியத்தின் முடிவுக்கு வருவதற்குள் ஆரம்பம் மறந்துவிடும். பார்பியே என்ற ராணுவக்காரர் பன்னிரண்டு புள்ளிகளில் ஒரு முறை வகுத்திருந்தார். பிரெயில் அதை ஆறாகக் குறுக்கினார். விரல் நுனிக்குள் ஓர் எழுத்து அடங்கிற்று. அப்போது 1824, அவருக்கு வயது பதினைந்து.

1840இல் பள்ளித் தலைவராக வந்த துய்ஃபோ அந்த எழுத்தைத் தடை செய்தார். பிள்ளைகள் ரகசியமாக எழுதினார்கள். 1844இல் பள்ளியின் புதுக் கட்டடத் திறப்பு விழாவில் பலரறியச் செய்து காட்டிய பிறகே எதிர்ப்புத் தணிந்தது. பிரான்ஸ் அதை முறைப்படி ஏற்றது 1854இல். பிரெயில் காலமாகி இரண்டு வருஷங்களுக்குப் பின்.

எதிர்த்தவர்களைக் கொடியவர்களென்று சொல்ல எனக்கு மனமில்லை. பார்வையுள்ளோர் படிக்க முடியாத எழுத்து, அந்தப் பிள்ளைகளைத் தனிச் சாதியாக்கிவிடும் என்று அஞ்சினார்கள். கருணைதான். ஆனால் அந்தக் கருணை, தனக்குப் புரிவதை மட்டுமே கொடுக்கச் சம்மதித்தது. ஒருவருக்குச் செய்யும் உதவி நம் கைக்குள்ளேயே இருந்தாக வேண்டுமா?

நாவல் படிக்கும்போது நீங்கள் வர்ணனையைத் தாண்டிப் போகிறீர்கள். (எழுதுகிறவனுக்கு அது வருத்தந்தான்!) பிடித்த பக்கத்துக்குத் திரும்புகிறீர்கள். பிறர் வாயால் கேட்பவருக்கு அந்தச் சுதந்திரம் ஏது? ஒரு பெண்ணுக்குக் காதல் கடிதம் வந்தால், அதைப் பக்கத்து வீட்டு மாமியா படித்துக் காட்டுவது?

இன்று கைப்பேசியே படித்துக் காட்டுகிறது, மாமி வேண்டாம். ஆனால் எழுத்து? இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயில் 1951இல் உருவாயிற்று. அச்சில் ககரத்தின் இரு பக்கமும் கொம்பும் காலும் நிற்கும் 'கொ', அதில் முதலில் ககரம், பிறகு ஒகரம் என்று ஒலிக்கும் வரிசையிலேயே வருகிறது. ழகரத்துக்குத் தனிப் புள்ளிகள், ளகரத்துக்குத் தனிப் புள்ளிகள். நம் சென்னை நாக்கில் அவ்விரண்டும் ஒன்றாகி எத்தனையோ காலமாகிறது. 'வாழை'யை 'வாளை' என்றே காதால் கேட்டு வளரும் குழந்தைக்கு, அந்த வேறுபாட்டை விரல்தான் சொல்ல வேண்டும்.