தேவை தீர்ந்த பின்

நீலகிரியின் உயர்ந்த சரிவுகளில் காட்டுப்பூவரசு என்றொரு மரம் வளர்கிறது. தாவர நூலார் அதனை ரோடோடென்ட்ரான் இனத்தில் சேர்ப்பர். இமயத்திலும் இலங்கையின் மலைநாட்டிலும் அதன் சுற்றத்தைக் காணலாம். மலைக்குச் செல்வோர் அதன் செந்நிற மலர்க்கொத்தைப் புகழ்வர். திருகி வளர்ந்த அடிமரத்தைக் கண்டு வியப்பர். வேரை நினைப்பார் இலர். ஆனால், அம்மரம் அங்கே வாழ்வது வேருக்குள் குடியிருக்கும், கண்ணுக்குப் புலனாகாத பூஞ்சையின் துணையால் அன்றோ!

மலையுச்சியின் மண் புளிப்பு மிக்கது, குளிர் மிக்கது. உதிர்ந்த இலை அங்கே எளிதில் மட்குவதில்லை. தழைச்சத்து அச்சருகுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. வேரால் அதனை எடுத்துக்கொள்ள முடிவதில்லை. மயிரினும் மெல்லிய வேர்களுக்குள் புகுந்து வாழும் பூஞ்சை, தன் இழைகளை மண்ணில் பரப்பி, சருகைக் கரைத்து, அச்சத்தை மரத்துக்கு அளிக்கிறது. மரமோ தன் இலைகள் வெயிலில் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கைப் பூஞ்சைக்கு அளிக்கிறது. இருளில் வாழ்வதற்குச் சமைக்கத் தெரியாது. ஒளியில் வாழ்வதற்குச் சருகைக் கரைக்கத் தெரியாது. இத்தகைய உறவுக்கு 1885ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் பிராங்க், ‘பூஞ்சை வேர்’ எனப் பொருள்படும் மைக்கோரைசா என்னும் பெயரைச் சூட்டினார். நிலத்துத் தாவரங்களில் மிகப் பெரும்பாலானவை ஏதேனும் ஒருவகைப் பூஞ்சையோடு இவ்வாறு உறவு பூண்டவையே.

இவ்வுறவை நட்பு என்பதா, வாணிகம் என்பதா? பயிர்களின் வேரில் வாழும் வேறொரு வகைப் பூஞ்சையை டோபி கியர்ஸ் முதலிய ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 2011ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். மிகுதியாகச் சத்து வழங்கும் பூஞ்சைக்கு வேர் மிகுதியாகச் சர்க்கரை வழங்குகிறது. மிகுதியாகச் சர்க்கரை தரும் வேருக்குப் பூஞ்சையும் மிகுதியாக மணிச்சத்தைத் தருகிறது. இருசாராரும் அளந்தே கொடுக்கின்றனர்.

இதனை அறிந்தவுடன் சிலருக்கு ஏமாற்றம் தோன்றலாம். அளந்து கொடுப்பதில் அறம் எங்கே என்று வினவலாம். அலுவலகத்தில் பேரேடுகளோடு பல்லாண்டு பழகியவன் என்ற முறையில் நான் அவ்வாறு கருதவில்லை. வரவும் செலவும் ஒழுங்காக எழுதப்பட்ட கணக்கு இழிவானதன்று. ஒருபக்கத்தை எழுதி மறுபக்கத்தை மறைக்கும் கணக்கே இழிவானது. நேர்மையான கொடுக்கல் வாங்கல் அறத்தின் முதற்படி. அப்படியில் கால் வையாதவர் ஈகையைப் பற்றிப் பேசுதல் வீண்.

ஆயினும், அது முதற்படி மட்டுமே. நம் கோலார் மாவட்டத்துக் கேழ்வரகின் வேரிலும் இப்பூஞ்சை உண்டு. பெங்களூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பாக்யராஜ் முதலிய அறிஞர்கள் இத்துறையில் பல்லாண்டு உழைத்தனர். மண்ணில் மணிச்சத்து குறைவாக உள்ளபோது பூஞ்சையை வேர் விருப்போடு ஏற்கிறது. உரத்தைக் கொட்டி மணிச்சத்தை மிகுவித்தாலோ, வேரில் பூஞ்சையின் இடம் சுருங்கிவிடுகிறது. வறுமையில் தேடிய துணை வளத்தில் வேண்டாததாகிறது. செடியைக் குறை கூறுவதற்கில்லை. நன்றி என்பதை அது அறியாது.

மனிதனின் நிலை வேறு. வள்ளுவர் செய்ந்நன்றியறிதலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஒப்புரவுக்கு ஓர் அதிகாரம், ஈகைக்கு ஓர் அதிகாரம் எனத் தனித்தனியே வகுத்தார். அவர் கூறும் ஒப்புரவு கைம்மாறு கருதாதது. வேரும் பூஞ்சையும் கொண்ட உறவு தேவை தீரும் அளவில் தளர்கிறது. மனிதனின் அறமோ தேவை தீர்ந்த பின்னரே சோதிக்கப்படுகிறது.

தங்கவயலில் வாழும் நமக்கு இது ஏட்டளவான வினா அன்று. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனம் இங்குக் காலூன்றியது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் நம் முன்னோர் வந்தனர். பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் கீழே, வெப்பத்திலும் கல்தூசியிலும் உழைத்தனர். தங்கம் மேலே சென்றது. கூலியும் லைன் வீடும் பள்ளியும் மருத்துவமனையும் கிடைத்தன. நுரையீரலை அரிக்கும் தூசிநோயும் கிடைத்தது. அக்கணக்கு நேரானதா என்பதைப் படிப்போரே தீர்மானிக்கட்டும். பொன்னின் வரவைவிட அதை எடுக்கும் செலவு மிகுந்தது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அரைத்த கல்மண் சயனைடு மேடுகளாக எஞ்சியது. அதனை எடுத்துக் குவித்தவர்களும் எஞ்சினர்.

பிறரை நோக்கி இவ்வினாவைத் தொடுப்பது எளிது. நம்மை நோக்கியும் தொடுத்தல் வேண்டும். மலைக்காடுகளில் வளரும் ஆர்க்கிட் செடியின் விதை தூசியை ஒத்தது. முளைப்பதற்குப் போதிய உணவு அதனுள் இல்லை. பூஞ்சை வந்து ஊட்டினாலன்றி அது காட்டில் முளைப்பதில்லை. இவ்வுண்மையை 1899ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் நோயெல் பெர்னார் கண்டறிந்தார். பச்சை இலை விட்டு வளர்ந்த பின்னரே ஆர்க்கிட் திருப்பிக் கொடுக்க இயலும். முதலில் கொடுத்தது பூஞ்சையே.

நம்முள் பலர் அத்தகைய விதைகள். தந்தை சுரங்கத்துள் இறங்கியதால் மகன் பள்ளிக்குச் சென்றான். இன்று விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு ரயிலேறுவோர் பலர். அங்கேயே குடியேறிவிட்டோரும், கடல் கடந்து சென்றோரும் உளர். அவர்களுக்கு இன்று மணிச்சத்துக்குக் குறைவில்லை. லைன் வீட்டின் திண்ணையில் மூச்சிரைக்க அமர்ந்திருக்கும் முதியவரின் துணையும் இனி அவர்களுக்குத் தேவையில்லை.

அவருக்குச் செய்வதை ஈகை என்று எழுதுதல் தவறு. அது பழைய கடனின் தவணை. பெருந்தொகை வேண்டுவதில்லை. ஓய்வூதியத் தாளை நிரப்பித் தருதல், விதவைத் தாய்க்கு விண்ணப்பம் எழுதுதல், மருத்துவரிடம் உடன் செல்லுதல், அவர் வீட்டுப் பேரக்குழந்தைக்கு மாலையில் பாடம் சொல்லித் தருதல் ஆகியவை எழுத்தறிந்த எவரும் செய்யக்கூடியவை. நம் சங்கங்கள் ஆண்டுதோறும் விழா எடுக்கின்றன, மலர் வெளியிடுகின்றன. அவற்றோடு, லைன் வாரியாகச் சென்று, துணையற்ற முதியோர் இன்னார் இன்னார் என ஒரு பெயர்ப்பட்டியலும் எடுப்பின் நன்று. எவர் எந்த வீட்டுக்குச் செல்வது என்பதை அப்பட்டியலைக் கொண்டே நாம் பகிர்ந்துகொள்ளலாம்.